ஏர்ஷோவுக்காகத் தவணையில் பெரிய லென்ஸ் வாங்காதீர்கள்

மறுபடியும் அதே புகார். ஒரு தம்பி 150-600 எம்எம் லென்ஸைக் (எம்எம் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) கொண்டுவந்து என் கேமரா சர்வீஸ் மேசையில் வைத்தார். 2025 பிப்ரவரியில் பெங்களூரு யெலஹங்காவில் நடந்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்கென்றே தவணையில் வாங்கியது. "ஃபோகஸ் அவுட் அண்ணா, ஒரு படம்கூட ஷார்ப்பா இல்ல" என்றார். ஏற்கெனவே ஓரிடத்தில் கேலிபரேஷன், அதாவது ஃபோகஸைச் சரிசெய்வது, என்று சொல்லிப் பணமும் வாங்கிவிட்டார்களாம்.

சோதனை அட்டையை மாட்டி, கிட்டத்திலும் தூரத்திலும் எடுத்துப் பார்த்தேன். லென்ஸில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கினேன். ஓடுபாதையை விட்டு எழும்பும் தேஜஸ் போர் விமானம். வாலின் விளிம்பு நேர்க்கோடாக இல்லாமல் அலை அலையாக நெளிகிறது. அடுத்த ஃபிரேமில் அதே விளிம்பு வேறு மாதிரி நெளிகிறது. விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டு ஒரு படத்தில் ஓரளவு தெளிவு, அடுத்ததில் கரைந்து கிடக்கிறது. ஃபோகஸ் தவறினால் படம் சீராக மங்கும், இப்படி நெளியாது. இது வெப்பக் காற்றின் வேலை. இதற்கு எந்தக் கேலிபரேஷனும் கிடையாது. இதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு ஏர்ஷோ முடிந்த பிறகும் இப்படி லென்ஸ்கள் வருகின்றன. ஏர்ஷோவுக்கு முன்னால் வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு பெரிய லென்ஸ் வேணும் சார்?" 600 எம்எம் இல்லாமல் போனால் பயனே இல்லை என்று யாரோ எல்லோர் மனதிலும் விதைத்துவிட்டார்கள். அதைப் பிடுங்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. உங்களிடம் சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவும் (சற்றுச் சிறிய சென்சார் உள்ளது) 300 எம்எம் வரை போகும் லென்ஸும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோமீட்டர் தூரத்தில் அந்த ஃபிரேமுக்குள் அடங்கும் அகலம் சுமார் 39 மீட்டர். சுகோய் 30 போர் விமானத்தின் நீளம் ஏறக்குறைய 22 மீட்டர். அதாவது பாதி ஃபிரேமுக்கு மேல் விமானமே நிறைந்துவிடும். அதே இடத்தில் 600 எம்எம் போட்டால் அகலம் 20 மீட்டருக்கும் குறைவு. மூக்கோ வாலோ ஒன்று வெட்டுப்படும். விமானப்படையின் சூரிய கிரண் சாகச அணியின் ஒன்பது ஹாக் விமானங்கள் ஒன்றாக வரும்போது 600 எம்எம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? நடுவில் இருக்கும் இரண்டு மூன்றை எடுப்பார்.

"சரி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விமானத்துக்கு?" என்று கேட்பீர்கள். அங்கேதான் காற்று குறுக்கே நிற்கிறது. உங்களுக்கும் விமானத்துக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டருக்குச் சூடான காற்று. அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலாக எதிர்ச் சுவரைப் பார்த்தால் சுவர் நெளியுமே, அதேதான். லென்ஸ் விமானத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்காது, அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். ஷட்டரை 1/4000 விநாடிக்கு ஏற்றினாலும் நெளிவு போகாது, நெளிந்த நிலையிலேயே உறைந்து பதிவாகும். ஐந்து லட்சத்துக்கு லென்ஸ் வாங்கினாலும் காற்று காற்றுதான். மென்பொருளில் ஷார்ப்னஸைக் கூட்டினால் நெளிவின் விளிம்புகள் இன்னும் எடுப்பாகத் தெரியும், அவ்வளவே.

செய்யக்கூடியது, நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பது. நண்பகலில் தார் ஓடுபாதைக்கு மேலே தாழ்வாகப் போகும் விமானத்தை விட்டுவிடுங்கள். அது மேலேறி உங்கள் பக்கம் திரும்பும்வரை காத்திருங்கள். காலையின் முதல் சுற்றும் மாலையின் கடைசிச் சுற்றும் தங்கம். சென்னை மெரினாவில் ஏர்ஷோ என்றால் ஓடுபாதையின் சூடு இல்லை. கடல்மேல் ஈரக்காற்று வேறு. விமானம் செங்குத்தாகத் திரும்பும்போது இறக்கை மேல் வெள்ளையாக ஆவி படரும் பாருங்கள், அதற்கு அந்த ஈரம்தான் துணை. அந்த ஒரு படத்துக்கு 200 எம்எம் போதும்.

அப்புறம், குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். சென்னைக் காற்றில் கண்ணாடி நொடியில் பூத்துவிடும். பைக்குள்ளேயே வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடுங்கள். முன்னால் மாட்டியிருக்கும் மலிவான யூவி ஃபில்டரையும் கழற்றுங்கள். நல்ல லென்ஸ்களின் படத்தைக் கெடுத்து அவற்றை எங்களிடம் அனுப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

செட்டிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000 முதல் 1/2000 விநாடி வரை. ஹெலிகாப்டருக்கு 1/250-ஐ விட மெதுவான ஷட்டருக்கு இறங்குங்கள். விமானப்படையின் சாரங் சாகச அணியின் துருவ் ஹெலிகாப்டரை 1/2000-இல் எடுத்தால் விசிறி அப்படியே நின்றுபோய், பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டது போலத் தெரியும். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்துளை, எஃப் 8 பக்கம். தொடர் ஆட்டோஃபோகஸ். வெளிச்சமான வானத்தைப் பார்த்து கேமரா ஏமாந்து விமானத்தைக் கறுப்பாக்கும், அதனால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாமல் சிறு திரையில் காட்சியைக் காட்டும் கேமரா) வைத்திருப்பவர்கள் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் விமானம் சாய்ந்தும் விசிறி வளைந்தும் பதிவாகும். புதிய கேமராக்களில் விமானத்தைத் தானாக அடையாளம் காணும் வசதி இருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் அதற்காக மட்டும் கேமராவை மாற்ற வேண்டியதில்லை.

உண்மையான வித்தை பேனிங். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, விமானத்தின் வேகத்திலேயே கேமராவை நகர்த்தி, அழுத்தும்போதும் அழுத்திய பிறகும் நிற்காமல் தொடர்வது. மணிக்கு 800 கிலோமீட்டரில் போகும் விமானம் 1/2000 விநாடியில் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேமரா கூடவே நகர்ந்தால் அந்த 11 சென்டிமீட்டர் படத்தில் தெரியாது. இதைப் பழக ஜெட் வேண்டாம். ஈசிஆரில் ஓரமாக நின்று பைக்குகளை எடுங்கள், மொட்டை மாடியில் புறாக்களை எடுங்கள். இரண்டு கிலோ லென்ஸோடு பழக முடியாது, கை சோர்ந்துவிடும். ஏறக்குறைய 635 கிராமில் கேனன் ஆர்எஃப் 100-400 இருக்கிறது. மற்ற கம்பெனிகளின் 70-300 லென்ஸ்களும் கைக்கு அடக்கம்தான். கட்டாயம் பெரியதுதான் வேண்டும் என்றால் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். ஏர்ஷோ தினமும் நடப்பதில்லை, தவணை மாதாமாதம் வரும்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயம். சூரியன்.

விமானத்தைத் துரத்திக்கொண்டே போகும்போது லென்ஸ் எங்கே போகிறது என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. அக்டோபர் நண்பகலில் சென்னையில் சூரியன் உச்சிக்குச் சற்றே தெற்கில் நிற்கும். மெரினாவில் கடலைப் பார்த்து நின்றால் உங்கள் வலப்பக்கம், தலைக்கு மேலே. விமானம் அங்கே ஏறினால் அதோடு போகாதீர்கள். கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்க்கும் டிஎஸ்எல்ஆராக இருந்தால் அந்த ஒளி முழுவதும் குவிந்து உங்கள் விழித்திரையில் விழும். விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவே ஒரு மங்கல் வரும்போதுதான் தெரியும். சிலருக்கு அது போகாமலே தங்கிவிடும். அப்படி மங்கல் தெரிந்தால் "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று இருக்காமல் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

மிரர்லெஸில் கண் பிழைக்கும், கேமரா பிழைக்காது. அப்படிச் சூரியனைப் பார்த்துக் கெட்டுவரும் லென்ஸைத் திறந்து விளக்கின் கீழே பிடித்தால் அப்பர்ச்சர் தகடுகளில் ஒன்றிரண்டு நெளிந்து, ஓரம் கருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சென்சாரில் அடிபட்டிருந்தால் ஒரு சின்ன வட்டம் நிறம் மாறித் தெரியும். படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இது நடக்க வேண்டும் என்பதில்லை. மூடி போடாமல் லென்ஸ் மேலே பார்க்க மடியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாலும் நடக்கும். இந்த மூடியைப் போடச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. தயவுசெய்து போடுங்கள்.

அடுத்தது கூட்டமும் வெயிலும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை ஏர்ஷோ யாருக்கும் மறந்திருக்காது. காலை 11 மணியிலிருந்து பகல் 1 மணிவரை காட்சி. தேஜஸ், ரஃபேல், சுகோய் எல்லாம் பறந்தன. அன்று 5 பேர் உயிரிழந்தார்கள். லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பினால் சாலையும் ரயிலும் என்னவாகும் என்று அன்று பார்த்தோம். படம் எடுக்கப் போகிறவர் காலையிலேயே போய் இடம்பிடித்து, நிழலில்லாத மணலில் மணிக்கணக்காக நிற்பவர். ஆகவே உங்களுக்கு ஆபத்து கூடுதல். பையில் இரண்டாவது லென்ஸுக்குப் பதில் தண்ணீரை வையுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல், தொப்பி, பருத்திச் சட்டை. ட்ரைபாட் வேண்டவே வேண்டாம், கூட்டத்தில் அது யார் காலையாவது இடறிவிடும். தலை சுற்றினால், வியர்வை நின்றுபோனால், கேமராவை மறந்துவிட்டு நிழலுக்குப் போய் உதவி கேளுங்கள். காட்சி முடிந்தவுடன் எல்லோரோடும் சேர்ந்து ஓடாமல் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். வயதான பெற்றோரையும் கைக்குழந்தையையும் "நான் படம் எடுக்கும்வரை இங்கேயே இருங்கள்" என்று நிறுத்திவைக்காதீர்கள். ஒத்திகை நாட்களில் போங்கள். விமானங்கள் அதேதான், கூட்டம் குறைவு, நல்ல படங்கள் பெரும்பாலும் அன்றுதான் கிடைக்கின்றன.

கிளம்பும்போது மிச்சச் சாப்பாட்டை மணலில் போடாதீர்கள், அதைத் தேடி வரும் பறவைகள் விமானத்தில் மோதக்கூடும். யெலஹங்காவில் ஏரோ இந்தியா சமயத்தில் சுற்றுவட்டார இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வதே பருந்துகள் வராமல் இருக்கத்தான். ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள், இதில் பேச்சே இல்லை. பழகிப் பார்க்கலாம் என்று சூலூரிலோ தஞ்சாவூரிலோ விமானப்படைத் தளத்தின் மதிலோரம் லென்ஸை நீட்டுவதும் வேண்டாம். தடை செய்யப்பட்ட இடம், போலீஸ் கேஸ் ஆகும்.

வீட்டுக்கு வந்தவுடன், குளிப்பதற்கு முன்பே, ஊதுபந்தால் மணலை ஊதிவிட்டு, லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் கேமரா உடம்பையும் லென்ஸின் வெளிப்பக்கத்தையும் துடையுங்கள். சட்டை நுனியால் கண்ணாடியைத் தேய்க்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணல் கோடு போட்டுவிடும். ஜூம் வளையத்தில் நறநறவென்று சத்தம் கேட்டால் திருப்புவதை அப்போதே நிறுத்தி, அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் வந்தால் சுத்தம் செய்வதோடு முடிந்துவிடும். நான்கு நாள் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தால் வளையத்தையே மாற்ற வேண்டிவரும்.