இடுக்கில் இரும்பு வெட்ட எந்தக் கருவி?

இடுக்கான இடங்களில் இரும்பு வெட்டும்போது ஏற்படும் காயங்களுக்கு, பீன்யா தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பம்ப் அறைகளிலும் பராமரிப்பு வேலை செய்துவரும் நான் பார்த்தவரையில், பெரும்பாலும் ஒரே பழக்கம்தான் காரணம். கையில் இருக்கும் நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் உள்ளே போகவில்லை என்றதும் வெட்டும் வீலைப் பாதி மூடியிருக்கும் தடுப்பான அதன் கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். பக்கவாட்டுக் கைப்பிடி சுவரில் இடிக்கிறது என்று அதையும் கழற்றுகிறார்கள். பிறகு ஒற்றைக் கையில் மெஷினைப் பிடித்துக்கொண்டு, வெட்டும் இடம் தெரிவதற்காகத் தலையையும் அதே இடுக்குக்குள் நீட்டுகிறார்கள். வீல் சிக்கி உடைந்தால் சில்லுகள் பறக்கும் பாதையில் முகம்தான் இருக்கிறது. கார்டைக் கழற்றினால்தான் நுழையும் என்றால், அந்த மெஷின் அந்த வேலைக்கு ஆகாது என்று அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, நுனியில் சிறு வீல் சுழலும் சிறிய ரோட்டரி கருவிகளில் எதை, எப்படிப் பார்த்து எடுப்பது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

பெங்களூரின் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, மெஷின் எத்தனை ஆயிரம் சுற்று என்பதைத்தான். நிமிடத்துக்கு 35,000 சுற்று என்று பெட்டியில் பார்த்தவுடன், 11,000 சுற்று ஓடும் ஆங்கிள் கிரைண்டரைவிட இது மூன்று மடங்கு வேகமாக வெட்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உலோகத்தை அரிப்பது வீலின் விளிம்பு. ஆகவே விளிம்பு என்ன வேகத்தில் ஓடுகிறது, அழுத்தும்போது அந்த வேகம் விழாமல் தாங்க மோட்டாரில் எத்தனை வாட் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 100 மி.மீ. வீல் 11,000 சுற்றில் ஓடினால் விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 58 மீட்டர். 38 மி.மீ. வீல் 35,000 சுற்றில் ஓடினால் 70 மீட்டர், 24 மி.மீ. வீலோ அதே சுற்றில் 44 மீட்டரைத்தான் எட்டும். வலுவை எடுத்துக்கொண்டால், சிறு ரோட்டரி கருவிகள் பலவும் 130 முதல் 175 வாட்டுக்குள் நிற்க, நாலு அங்குல கிரைண்டர்கள் பொதுவாக 600 வாட்டைத் தாண்டுகின்றன. எனவே சிறு கருவியை அழுத்தி வெட்டுவதில் பயனில்லை. சுற்று விழும், மோட்டார் சுடும், வீல் மட்டும் தேயும்.

இதே கணக்குத்தான் ஆபத்தையும் சொல்கிறது. உள்ளே நார்வலை வைத்து வலுவூட்டிய, அதாவது வலையிட்ட, கட்டிங் வீல்கள் பெரும்பாலும் நொடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்குச் செய்யப்படுகின்றன, 100 மி.மீ. வீலின் மேல் ஏறத்தாழ 15,300 சுற்று என்ற வரம்பு அச்சிட்டிருப்பது அதனால்தான். அந்த வீலை மேண்ட்ரல் என்ற சிறு தண்டில் கோத்து, 28,000 சுற்று ஓடும் டை கிரைண்டர் என்ற நேரான மெஷினில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது விளிம்பு 147 மீட்டர் வேகத்தைத் தொடும். அது வெட்டத் தொடங்கும் முன்பே சிதறினால் வீலைக் குறை சொல்ல முடியாது.

வேகம் இருக்கட்டும், இடுக்கு வேலையில் அதற்கும் முந்திய கேள்வி, மெஷினின் உடம்பு எங்கே நிற்கும் என்பது. பேனாவைப் போலப் பிடிக்கும் நேரான ரோட்டரி கருவியில் வீல் அதன் நீளத்துக்குக் குறுக்கே நிற்கிறது. அதாவது, வெட்டு விழும் தளத்துக்குச் செங்குத்தாகக் கருவியின் முழு நீளத்துக்கும், பிடிக்கும் கைக்கும் இடம் வேண்டும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆங்கர் போல்ட்டைச் சுவரை ஒட்டி வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். 38 மி.மீ. வீலின் ஆரம் 19 மி.மீ.; கருவியின் உடம்பு தடித்த இடத்தில் ஏறக்குறைய 25 மி.மீ. ஆரம் இருக்கும். போல்ட் நீளமாக இருந்தால், வீல் அதைத் தொடும் முன்பே உடம்பு போல்ட்டில் இடித்துவிடும். முதலில் நுனிப் பகுதியை வெட்டிக் குட்டையாக்கிவிட்டுப் பிறகு அடிக்கு வரலாம். அப்போதும் மேண்ட்ரல் திருகின் தலை வீலுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பதால் ஓரிரண்டு மி.மீ. மிச்சம் நிற்கும். சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் ரைட் ஆங்கிள் தலை மாட்டினால் உடம்பு சுவருக்கு இணையாகப் படுத்துவிடும்; இருபுறமும் நெருக்கமான இடங்களில் அதுவே வழி. நகரத்பேட்டையின் நகைப் பட்டறைகளில் தொங்கவிட்டிருக்கும் மோட்டாரைப் போல, வளையும் ஷாஃப்டின் முனையில் மெல்லிய கைப்பிடி உள்ளதும் நல்லதே. ஆனால் ஷாஃப்டை இறுக்கமாக வளைத்து ஓட்டினால் உறை சூடேறி, உள்கம்பி அறுந்துவிடும்.

குளியலறைச் சுவரின் எல்போவுக்குள் (குழாயின் வளைவு இணைப்புக்குள்) உடைந்து நின்றுவிட்ட அரை அங்குல ஜி.ஐ. நிப்பிள் (துத்தநாகம் பூசிய, மரையுள்ள இரும்புக் குழாய்த் துண்டு) இதை இன்னும் தெளிவாகக் காட்டும். அதன் உட்புற விட்டம் 16 மி.மீ. அளவுதான் என்பதால் புது 24 மி.மீ. வீல் நுழையாது, தேய்ந்து சிறுத்த வீலை எறியாமல் வைத்திருப்பவர்கள் அதை உள்ளே விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன வெட்டு விழும்? நேரான கருவி உள்ளே போகும்போது வீல் குழாய்க்குக் குறுக்கே நிற்பதால், உள்சுவரில் வளையமாகத்தான் வெட்டும். மரை பிடித்த துண்டைக் கழற்ற நமக்குத் தேவையோ நீளவாக்கில் ஒரு பிளவு. இங்கே வீலைக் கீழே வைத்துவிட்டு, 3 மி.மீ. தண்டுள்ள கார்பைடு பர்ரை (உலோகத்தை அரிக்கும் பல் வெட்டிய சிறு முனையை) எடுத்து, எல்போவின் மரையைத் தொடாமல் பள்ளமிட்டு, துண்டை உட்புறமாக மடக்கி எடுக்க வேண்டும். ஹேக்சா பிளேடின் பாதித் துண்டைத் துணி சுற்றிப் பிடித்து அறுத்தாலும் அதே வேலை நடக்கும், நேரம்தான் அதிகம்.

வெட்டும் ஆழம் போதாது என்பது சிறு கருவிகளின் மேல் சொல்லப்படும் பெரிய குறை. எங்கே வெட்டுவது என்று யோசித்தால் அந்தக் குறை பாதி தீர்ந்துவிடும். துருப்பிடித்து இறுகிய எம்10 (10 மி.மீ. போல்ட்டுக்கான) நட்டைக் கழற்ற போல்ட்டையே வெட்ட வேண்டியதில்லை. பழைய அளவில் அந்த நட்டு எதிரெதிர்த் தட்டை முகங்களுக்கு இடையே 17 மி.மீ.; போல்ட்டைக் கழித்தால் ஒரு பக்கச் சுவர் 3.5 மி.மீ. மட்டுமே. நட்டின் ஒரு தட்டை முகத்தில், போல்ட்டின் நீளத்துக்கு இணையாக 3 மி.மீ. ஆழம் வெட்டி, மரையைத் தொடும் முன் நிறுத்தி, உளியை வைத்து ஓர் அடி கொடுத்தால் நட்டு பிளந்துவிடும். போல்ட்டின் மரையும் தப்பும்.

கனமான ஆங்கிள் இரும்பும் தடித்த பிளேட்டும் வந்தால் சிறு கருவியோடு மல்லுக்கட்டக் கூடாது. பாஷ் நிறுவனத்தின் 12 வோல்ட் பேட்டரி கருவி போன்ற, 76 மி.மீ. வீல் மாட்டி 19,500 சுற்றில் ஓடும் வகை, கார்டோடும் ஒரு கைக்குள் அடங்கும். குடியிருப்பு வேலை செய்பவர்களுக்கு முதலில் நான் சொல்வது இதைத்தான். கம்ப்ரசர் உள்ள பட்டறைக்குக் காற்றில் ஓடும் டை கிரைண்டர் பொருந்தும். தொட்டிக்குள் வேலை என்றால் மின்சாரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தக்க பாதுகாப்பு அமைப்பு இல்லாமல் தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள் பயன்படுத்தும் மின்கருவிக்கு 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஏ பிரிவில் வகுத்திருந்த வரம்பு 24 வோல்ட். குடியிருப்பின் சம்ப் தொழிற்சாலை ஆகாது என்றாலும், ஈரச் சுவரில் சாய்ந்து 230 வோல்ட் மெஷினைப் பிடிப்பவருக்கு ஆபத்து அதேதான். உள்ளிருக்கும் காற்றைச் சோதிக்காமல் அங்கே இறங்குவது மெஷினை எடுக்கும் முன்பே உயிரைப் பறிக்கக்கூடியது.

பொறி விழும் இடத்தையும் பார்க்க வேண்டும். சமையல் எரிவாயு இணைப்பு, பெயின்ட் டப்பா, சார்ஜ் ஏறும் பேட்டரி ஆகியவற்றின் பக்கத்தில் எந்த வீலையும் ஓட்டக் கூடாது. வேலை முடிந்த பின்னும் அரை மணி நேரமாவது ஒருவர் அங்கே இருக்க வேண்டும். குழாய் மரையில் சுற்றிய பழைய சணலில் விழுந்த பொறி உடனே எரியாமல் கனன்றுகொண்டிருக்கும். மூக்குக் கண்ணாடி கண் பாதுகாப்பு ஆகாது. பக்கங்களும் மூடிய காகிள்ஸ் வேண்டும்.

நூறு துண்டுகள், இருநூறு துண்டுகள் என்று மலிவாகக் கிடைக்கும் செட்டுகளில் உள்ள மெல்லிய பழுப்பு நிற வீல்களில் பெரும்பாலும் வலை இருக்காது; மணிக்கட்டு சற்றுத் திரும்பினாலே முறிந்துவிடும். துண்டுகளின் எண்ணிக்கை குறைந்தாலும் வலையிட்ட வீலையே வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இரும்புக் கலப்பில்லாத, ஐனாக்ஸ் என்று அச்சிட்ட வீல் வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய ஓரத்தில் துரு கிளம்பும். அலுமினியம் வீலில் ஒட்டி அடைத்துக்கொள்வதால், அதற்கென்றே அகலப் பல் வெட்டிய பர் நல்லது. மேண்ட்ரல் தண்டு 3.2 மி.மீ.யா, 3 மி.மீ.யா, நகைத் தொழிலில் புழங்கும் 2.35 மி.மீ.யா என்று பார்த்து, தண்டை இறுக்கிப் பிடிக்கும் அதற்குரிய காலெட்டில்தான் மாட்ட வேண்டும். கடையிலேயே மேண்ட்ரலை மாட்டி, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றி, நுனி ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் வேறு மெஷின் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பில் போடும் முன் அதற்குக் கார்பன் பிரஷ்ஷும் காலெட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.