ஐந்தாம் மாத ஸ்கேன்: எந்த வாரத்தில் எடுப்பது, சட்டம் என்ன சொல்கிறது

கர்ப்பக் காலத்தில் எத்தனை முறை ஸ்கேன் எடுத்தாலும், குழந்தையின் உடலில் குறை ஏதும் இருக்கிறதா என்று உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதற்கென்றே இருப்பது ஒன்றுதான். அதைத்தான் அனாமலி ஸ்கேன் என்கிறார்கள். ஊரில் ஐந்தாம் மாத ஸ்கேன் என்பார்கள். எடுக்க வேண்டிய காலம் 18 முதல் 20 வாரம் வரை.

இந்த வாரக் கணக்கில்தான் நிறைய வீடுகளில் சிக்கல் வருகிறது. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். வீட்டிலோ பலர் நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே நான்கு வார வித்தியாசம் இருக்கிறது. வீட்டுக் கணக்கில் ஐந்து மாதம் முடியட்டும் என்று காத்திருந்து போனால், மருத்துவக் கணக்கில் 25, 26 வாரம் ஆகியிருக்கும். கருக்கலைப்புச் சட்டத்தில் 24 வாரம் ஒரு முக்கியமான எல்லை என்பதால், இந்த நான்கு வாரம் சாதாரண விஷயம் இல்லை. தேதி சரியாக நினைவில்லாதவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். கருவின் நீளத்தை வைத்து வயதைக் கணக்கிட அதுதான் நம்பகமான காலம். 11 முதல் 14 வாரத்துக்குள் அதை எடுத்தால், கருவின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரின் அளவையும் பார்த்துவிடலாம். அது வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் வளர்ச்சிக் குறை), இதயக் கோளாறு போன்றவற்றுக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவை என்று பொருள். குறை உறுதி என்று அர்த்தம் இல்லை.

சரி, காசு? 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் எல்லா கர்ப்பிணிக்கும் பரிசோதனைகள், ஸ்கேன், மருந்து, பிரசவம், சிசேரியன், ரத்தம், உணவு, போக்குவரத்து எல்லாம் இலவசம். வருமான வரம்பு கிடையாது, இது எத்தனையாவது குழந்தை என்ற கேள்வியும் கிடையாது. 2016இல் வந்த பிரதான் மந்திரி சுரக்ஷித் மாத்ருத்வ அபியானில், ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவர் பார்ப்பார். நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒரு ஸ்கேனாவது எடுக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் முதல் படி, கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்குவது. பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் தேவைப்படும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழைத்துக் கேட்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கேன் எடுத்தாச்சு என்பதும் அனாமலி ஸ்கேன் எடுத்தாச்சு என்பதும் வேறு வேறு. ஒரு கரு, இதயத் துடிப்பு இருக்கிறது, இத்தனை வாரம் என்று நாலு வரியில் முடிந்துவிடும் அறிக்கை அனாமலி ஸ்கேன் அறிக்கை அல்ல. தலை, மூளை, முகம், முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், வயிற்றுச் சுவர், சிறுநீரகங்கள், கை கால்கள், நஞ்சுக்கொடி இருக்கும் இடம், பனிக்குட நீரின் அளவு என்று ஒவ்வொன்றையும் பார்த்தது அதில் எழுதப்பட்டிருக்கும். அப்படி இல்லையென்றால், "டாக்டர், இது அனாமலி ஸ்கேனா? இல்லையென்றால் எங்கே எடுக்கலாம்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கலாம். வரிசை, தேதி எல்லாம் இருப்பதால் 16ஆம் வாரத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.

குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற சட்டத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ஸ்கேனில் பார்த்ததை மருத்துவர் எதுவுமே சொல்லக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். 1994இல் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம் ஸ்கேனில் தடுப்பது பாலினத்தைக் கண்டறிவதையும் சொல்வதையும்தான். வாயால் சொன்னாலும் சைகையால் காட்டினாலும் குற்றம். பிறவிக் குறைகளைக் கண்டறிவதை அதே சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. பதிவு பெற்ற மையத்தில் மட்டுமே ஸ்கேன் எடுக்கலாம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று நீங்கள் கையெழுத்துப் போடுவதும், அதைக் கண்டறிந்து சொல்லவில்லை என்று மருத்துவர் கையெழுத்துப் போடுவதும் அதில்தான். அடையாள அட்டையும் விவரங்களும் கேட்பது அதற்காக. கேட்டவுடன் பயப்பட வேண்டியதில்லை. பாலினம் பார்க்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மனைவி அப்படிக் கேட்டிருந்தால், கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தினார் என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளில் எந்தக் குடும்பமும் கலங்கித்தான் போகும். முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வகையான குறை என்பது. பாதம் உள்நோக்கி வளைந்திருப்பது, உதட்டுப் பிளவு போன்றவை பிறந்த பிறகு நன்றாகச் சரிசெய்யக் கூடியவை. சிறுநீரகத்தில் லேசான வீக்கம் பல குழந்தைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும். சில குறைகள் முன்கூட்டியே தெரிந்தால் உயிரையே காப்பாற்றும். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறியிருக்கும் குழந்தை, பிறந்த சில மணி நேரத்தில் நீலம் பாரித்துவிடும். வயிற்றில் இருக்கும்போதே தெரிந்தால், குழந்தை இதய அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். நான் இந்த ஸ்கேனை இவ்வளவு வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இப்படிப்பட்ட குழந்தைகள்தான்.

மண்டை ஓடு உருவாகாமல் போவது போன்ற, குழந்தை பிழைக்கவே முடியாத நிலைகளும் உண்டு. இங்கே வருவது 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம். 2021 வரை அதில் எல்லை 20 வாரம். 18 முதல் 20 வாரத்தில் ஸ்கேன் எடுத்து, குறை தெரிந்து, இன்னொரு மருத்துவரிடம் உறுதி செய்வதற்குள் அந்த எல்லை தாண்டிவிடும். எத்தனையோ பெண்கள் அந்த வேதனையோடு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருந்தது. 2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை மாற்றியது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருவில் கடுமையான குறை இருந்தால் 20 முதல் 24 வாரத்துக்குள் இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். 24 வாரத்தைத் தாண்டிய பிறகு கணிசமான குறை இருப்பதை மாநில அரசு அமைத்த மருத்துவ வாரியம் உறுதிசெய்தால், வார வரம்பே கிடையாது. மகப்பேறு, குழந்தை நலம், ஸ்கேன் நிபுணர்கள் அதில் இருப்பார்கள். விண்ணப்பம் வந்த மூன்று நாளுக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும். அனுமதித்தால், விண்ணப்பித்த ஐந்து நாளுக்குள் கருக்கலைப்பு நடந்துவிட வேண்டும்.

18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவரின் கையெழுத்து, மாமியார் மாமனாரின் சம்மதம் எதையும் சட்டம் கேட்கவில்லை. அவர் பெயரை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை. கருக்கலைப்பு செய்துகொள் என்றோ செய்யாதே என்றோ யாரும் அவரை நெருக்கவும் கூடாது. டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது என்று தெரிந்தும் பெற்று வளர்க்க முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அவர்களின் உரிமைதான்.

சிலருக்கு இந்த ஸ்கேன் இன்னும் அவசியம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், முதல் குழந்தைக்குக் குறை இருந்தவர்கள் இதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. அப்புறம், முதுகுத்தண்டுக் குறைகளைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமில மாத்திரை. குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. பலருக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கே அவ்வளவு நாள் ஆகும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மாத்திரையைத் தொடங்குவதுதான் சரி.

ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் சில குறைகள் அதில் தெரியாது. உள் அண்ணத்தில் மட்டும் இருக்கும் பிளவு, இதயத்தில் சிறு ஓட்டை, காது கேளாமை, ரத்தத்திலும் வளர்சிதை மாற்றத்திலும் வரும் பரம்பரை நோய்கள் இவற்றில் சில. இதற்காகத்தான் 2013இல் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் வந்தது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதித்து, குறை இருந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பி இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், குழந்தையின் வாய்க்குள் அண்ணத்தையும் இடுப்பையும் கண்ணையும் பார்த்தீர்களா, காது பரிசோதனை எப்போது என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டு, பதிலைத் தாய் சேய் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.