சொல் விளக்கம்: இடியோசின்கிரசி

பொருள் (மருத்துவம்): பெரும்பாலானோருக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு மருந்தோ தடுப்பூசியோ, மிகச் சிலரிடம் மட்டும், அவர்களுடைய உடலின் தனி அமைப்பு காரணமாக எதிர்பாராத விளைவை உண்டாக்குவது. ஊசி குத்திய இடத்தில் வீக்கம், ஒரு நாள் காய்ச்சல், கைவலி எல்லாம் இதில் சேராது. அவை யாருக்கும் வரக்கூடிய சாதாரணப் பக்கவிளைவுகள்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. இடியோஸ் என்றால் தனக்கே உரியது, சின் என்றால் சேர்ந்து, கிராசிஸ் என்றால் கலப்பு. ஆக, 'ஒருவருக்கே உரிய கலவை'. இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கும் ஆளுக்கு ஆள் வேறு அளவில் கலந்திருக்கின்றன என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். நமக்கு இது அந்நியமான எண்ணமே இல்லை. வாத உடம்பு, பித்த உடம்பு என்று நம் வைத்தியமும் பிரிக்கிறது. "அவனுக்குச் சூட்டு உடம்பு, பலாப்பழம் ஆகாது" என்று மலையகத் தோட்டத்து லயத்துப் பாட்டி சொல்வதும் அதே கணக்குதான்.

பிற்கால ஆங்கிலத்தில் இச்சொல் நடத்தையின் பக்கம் நகர்ந்துவிட்டது. அதனால் அகராதியைத் திறந்தால் 'விசித்திர குணம்' என்ற பொருள்தான் முதலில் கண்ணில் படும். தடுப்பூசித் துண்டுப்பிரசுரத்தில் அதை அப்படியே போட்டால் பிள்ளைக்குப் பைத்தியம் பிடிக்கும் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார்.

'கலவை' என்ற பழைய எண்ணத்தை இரசாயனத்துக்கும் பரம்பரைக்கும் கொண்டுவந்தவர் ஆர்ச்சிபால்ட் கரோட் என்ற ஆங்கிலேய மருத்துவர். அல்கப்டோனூரியா என்னும் அரிய நோயை ஆராய்ந்து, ஒவ்வொருவர் உடலின் இரசாயனமும் தனித்தன்மை உடையது, அது பெற்றோரிடமிருந்து வருவது என்று 1902இல் எழுதினார். அப்போது 'ஜீன்' என்ற சொல்லே கிடையாது. டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஜொஹான்சன் 1909இல்தான் அதை உருவாக்கினார். தமிழகத்தில் அது மரபணு, இலங்கையில் நமது பாடநூலில் பரம்பரையலகு. ஹட்டனில் உயர்தரம் படிக்கும் பிள்ளை தொலைக்காட்சியில் ஒன்றையும் பரீட்சைத் தாளில் மற்றதையும் சந்திக்கிறது. அங்கே வளரிளம் பருவம், இங்கே கட்டிளமைப் பருவம். இரண்டும் நல்ல தமிழ்தான், சண்டை வேண்டாம்.

கட்டிளமைப் பருவத்தினரில் இந்தச் சொல்லுக்குப் பொருத்தமான சான்று பின்லாந்திலும் சுவீடனிலும் நடந்தது. 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது அங்கே பான்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி போடப்பட்டது. அடுத்த ஆண்டே சில பிள்ளைகளுக்கு நார்கோலெப்சி வந்தது: பகலிலேயே அடக்க முடியாத தூக்கம், வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து சரிவது. பின்லாந்து 2010 ஆகஸ்டில் அந்த ஊசியை நிறுத்தியது. 4 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில், ஊசி பெற்ற ஏறத்தாழ 16,000 பேருக்கு ஒருவர் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

பாதிக்கப்பட்டவர்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே எதிருரு, அதாவது ஒரு பரம்பரையலகின் ஒரே மாற்று வடிவம், இருந்தது. அதன் பெயர் எச்.எல்.ஏ–டி.கியூ.பி.1*06:02. எச்.எல்.ஏ என்பது ஆறாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள ஒரு பரம்பரையலகுக் கூட்டம். கிருமியின் துண்டுகளை நிர்ப்பீடனக் கலங்களுக்கு (நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்கு) எடுத்துக்காட்டும் புரதங்களை அது உருவாக்குகிறது. முதல் எச்.எல்.ஏ பொருளை 1958இல் கண்டறிந்த பிரான்சின் ஜான் டோசேவுக்கு 1980இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தக் குறிப்பிட்ட எதிருரு உள்ளவர்களின் உடல், வைரஸின் ஒரு துண்டையும் மூளையில் விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளையும் குழப்பிக்கொண்டு தன் கலங்களையே தாக்குகிறது என்று கருதப்படுகிறது.

சரி, அந்த எதிருரு இருந்தாலே நோய்தானா? இல்லை. வட ஐரோப்பியரில் ஏறத்தாழ நாலில் ஒருவரிடம் அது இருக்கிறது. அப்படியானால் ஊசி போட்ட 16,000 பேரில் கிட்டத்தட்ட 4,000 பேரிடம் இருந்திருக்கும், நோய் வந்தது அவர்களில் ஒருவருக்கு. மற்றவர்கள் அதையும் சுமந்துகொண்டு நலமாகவே இருந்தார்கள். சீனாவில் அதே காலத்தில் ஊசி போடாதவர்களிடமும், அந்தக் காய்ச்சல் அலைக்குப் பிறகு, இதே நோய் கூடியது. ஆகவே, பரம்பரை ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது, உள்ளே நுழைவது வேறொன்று. 'பரம்பரை வியாதி' என்று நாம் சட்டென்று முத்திரை குத்துவது இந்த இடத்தில் பொருந்தாது.

கொவிட் எம்.ஆர்.என்.ஏ ஊசிக்குப் பின், பெரும்பாலும் இரண்டாவது டோஸுக்குப் பிறகு, பதின்ம வயதுப் பையன்களுக்கு அபூர்வமாக வந்த இதயத்தசை அழற்சியையும் பலர் இதே பட்டியலில் சேர்க்கிறார்கள். அதற்கு நார்கோலெப்சியைப் போல ஒரு தனி எதிருரு உறுதிப்படவில்லை. பெரும்பாலானோர் குணமடைந்தார்கள்.

இனி தமிழ்ச் சொல். 'ஒவ்வாமை' கைவசம் இருக்கிறதே என்று தோன்றும். அது அலர்ஜிக்குப் போய்விட்டது. அலர்ஜி என்ற சொல்லை 1906இல் உருவாக்கிய கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே, குதிரைச் சீரம் இரண்டாம் முறை ஏற்றப்பட்ட பிள்ளைகளின் உடல் வேறுவிதமாக எதிர்வினை காட்டியதைப் பார்த்துத்தான் அதைப் படைத்தார். அது இடியோசின்கிரசிக்கு அண்டைவீடு, அதே வீடு அல்ல.

'தனித்தன்மை விளைவு' என்று ஒருவர் மொழிபெயர்க்கலாம். பிழையில்லை, உயிரும் இல்லை. என் தெரிவு உடல்வாகு. "ஊசி அவ உடம்புவாகுக்கு ஒத்துக்கல" என்றால் மஸ்கெலியாவில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 'தனக்கே உரிய கலவை' என்ற கிரேக்கப் பொருளுக்கும் அது கிட்ட வருகிறது. பரம்பரையலகு சம்பந்தப்பட்டால் 'பரம்பரை உடல்வாகு' என்று சேர்த்துச் சொல்லலாம்.

ஆனால் கண்டதற்கெல்லாம் அதைப் போடக்கூடாது. பாடசாலையில் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி, தரம் 7இல் ஏற்பு (டெட்டனஸ்), தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) ஊசி போடும் நாளில் வரிசையில் ஒரு பிள்ளை மயங்கி விழ, பின்னால் நிற்கும் இரண்டு பேரும் விழுவார்கள். அது பயத்தில் வரும் மயக்கம், உடல்வாகு அல்ல. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, தங்கைக்கு வேண்டாம் என்பதும் உடல்வாகைத் தவறாகப் புரிந்துகொள்வதுதான்.

குடும்பத்தைப் பற்றி உண்மையில் கேட்க வேண்டிய இடம் பிள்ளை பிறந்ததும் காசநோய்க்கு எதிராகப் போடும் பி.சி.ஜி ஊசி. அதில் இருப்பது உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட கிருமி. நிர்ப்பீடனக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைக்கு அந்தக் கிருமியே உடலெங்கும் பரவலாம். இந்தக் குறைபாடுகளில் பல, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் நம் குடும்பங்களில் அந்த வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். முன்பு ஒரு கைக்குழந்தை ஓயாத நோயால் இறந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கு ஊசி போடும் முன்பே குடும்ப சுகாதார மாதுவிடமோ ஆஸ்பத்திரி டொக்டரிடமோ சொல்ல வேண்டும்.