குக்குலு என்றால் குங்கிலியமா?

நாட்டு மருந்துக் கடையில் "குங்கிலியம் கொடுங்க" என்று கேட்டால், வெளிர் மஞ்சளாகக் கண்ணாடிச் சில்லுபோல நொறுங்கும் பிசின் கிடைக்கும். "மைசாட்சி" என்று கேட்டால் கரும்பழுப்பாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் கட்டியை எடுத்துத் தருவார்கள். இந்த இரண்டாவதுதான் குக்குலு. முதலாவது வேறு மரத்தின் பிசின். ஆனாலும் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டையும் குங்கிலியம் என்றே எழுதிவிடுகிறோம். குக்குலு தரும் செடி அழிந்துகொண்டிருக்கும் நேரத்தில் இது சின்னக் குழப்பம் இல்லை.

குக்குலு வடசொல். அதர்வ வேதத்திலேயே வருகிறது. குக்குலுவின் நறுமணம் யாரைச் சூழ்கிறதோ அவரை நோய் அணுகாது என்கிறது ஒரு பாடல். 'குல்குலு' என்ற பழைய வடிவமும் உண்டு. 'நோயிலிருந்து காப்பது' என்று சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வார்கள். அது பின்னாளில் பொருத்திய விளக்கமாகவே எனக்குப் படுகிறது. தமிழுக்கு வந்தபோது குக்குலு, குக்கில் என்றும், நடுவே மெல்லெழுத்து ஏறிக் குங்குலியம், குங்கிலியம் என்றும் ஆனது. மைசாட்சி என்பது 'மகிஷாட்சம்' தேய்ந்த வடிவம், பொருள் எருமைக்கண். கட்டியின் கருமினுமினுப்பைப் பார்த்தால் பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றும்.

இது மூட்டையில் பயணம் செய்த சொல். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, சிந்து முகத்துவாரத் துறையிலிருந்தும் குஜராத்தின் பரூச்சிலிருந்தும் 'ப்தெல்லா' என்ற பிசின் ஏற்றுமதியானதைச் சொல்கிறது. அது குக்குலுதான் என்பது அறிஞர் கருத்து. நம் பக்கத்தில் திருக்கடவூர் குங்கிலியக்கலய நாயனார் கதை எல்லோருக்கும் தெரியும். நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை, எதிரே வந்த வணிகனிடம் கொடுத்துக் குங்கிலியப் பொதியை வாங்கிவிட்டார். அது எந்த மரத்துப் பிசின் என்று கதை கவலைப்படவில்லை. நமக்குக் குங்கிலியம் என்றால் புகைதான். செடியை நாம் பார்த்ததே இல்லை. அதனால் புகையக்கூடிய வேறு பிசின்களும் அந்தப் பெயருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன: சால மரத்துப் பிசின் குங்கிலியம், மேற்கு மலைக்காட்டு மரமொன்றின் கறுப்புப் பிசின் கருங்குங்கிலியம்.

சரி, செடி எப்படி இருக்கும்? ஆரவல்லியின் பாறைச் சரிவுகள், கட்ச் குன்றுகள், எல்லைக்கு அப்பால் தார்ப் பாலைவனத்தின் கரூஞ்சர் மலை, பலூசிஸ்தான். இவைதான் அதன் ஊர். ஆளுயரமோ அதற்குச் சற்றுக் கூடவோ வளரும் புதர். கிளை நுனியெல்லாம் முள். சாம்பல் பட்டை மெல்லிய தாளாக உரியும். ஆண்டின் பெரும்பகுதி இலையே இருக்காது. பெண் செடிகளே மிகுதி, ஆண் செடி அரிது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை பிடிக்கிறது. அந்த விதையும் சரியாக முளைப்பதில்லை.

பிசின் எடுக்கும் பருவத்துக்கு வரவே ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் தண்டைக் கீறினால் பிசின் கசியும். ஒரு செடியில் சில நூறு கிராம்தான். கூடுதலாக வடியட்டும் என்று ஆழமாக வெட்டி, காயத்தில் வேதிக் கலவையைத் தடவுகிறார்கள். அந்த ஆண்டு நிறையக் கிடைக்கும். அப்புறம் செடி பட்டுப்போகும். கொழுப்பைக் குறைக்கும் என்ற பேச்சு உலகச் சந்தையில் தேவையை ஏற்றிவிட்டது. 2003இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் கெட்ட கொழுப்பு குறையாமல் சற்றுக் கூடியே இருந்தது. 2015இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தச் செடி 'மிக அருகிவிட்ட இனம்' என்று சேர்ந்தது. காட்டில் அழியும் தறுவாயில் இருப்பவற்றுக்கான பிரிவு அது.

இதைத் தமிழில் 'குங்கிலிய மரம் அழிகிறது' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் ஓங்கிய சால மரம்தான் நிற்கும். செடிக்குத் தனிப்பெயர் வேண்டும். அது நம்மிடமே இருக்கிறது: கிளுவை. காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றி உயிர்வேலியாக நிற்கிறதே, அந்த முள்கிளுவையும் குக்குலுச் செடியும் ஒரு பேரினத்தைச் சேர்ந்த உறவுகள். தாவரவியலில் அந்தப் பேரினம் கொம்மிபோரா. 'பிசின் தாங்கி' என்று பொருள். குக்குலுச் செடியின் முழுப்பெயரான 'கொம்மிபோரா வைட்டியை'யில் வரும் வைட், சென்னை மாகாணத்தில் செடி தேடித் திரிந்த மருத்துவர் ராபர்ட் வைட். கிளுவையின் கிளைத்துண்டை, அதாவது போத்தை, வெட்டி நட்டால் வேர்பிடிக்கும் என்பது கொங்கு விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குக்குலுவும் அப்படியே போத்தில் பிழைக்கும். தேசிய மருத்துவத் தாவர வாரியம் கட்ச்சில் முன்னெடுத்த சாகுபடி போன்ற முயற்சிகளுக்கு அதுவே பெரிய பிடி.

ஆகவே செடியைக் 'குக்கில் கிளுவை' என்றும், பிசினைக் 'குக்கில்' அல்லது 'மைசாட்சி' என்றும் எழுதலாம். குங்கிலியம் என்ற சொல்லைச் சாலப் பிசினுக்கே விட்டுவிடலாம்.

அடுத்த முறை மைசாட்சிக் கட்டி கைக்கு வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணலோடு சேர்ந்து, தாள்போல உரிந்த சாம்பல் பட்டைத் துணுக்கு ஒன்று உள்ளே ஒட்டியிருக்கும். அது அந்தச் செடியின் தோல்.