பூட்லோடரில் பெரிய எழுத்து வேண்டுமா? ஃபாண்ட் ஃபைல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

எம்பெடட் போர்டு வேலையில் இருப்பவர்களிடம் இப்போது அடிக்கடி வரும் கோரிக்கை: "பூட் ஆகும்போது திரையில் ஓடுவது எதையும் படிக்க முடியவில்லை, எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுங்கள்." நியாயமான கோரிக்கைதான். பல பூட்லோடர்களில் (சாதனத்தை இயக்கியதும் முதலில் ஓடி, இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) இன்னமும் இருப்பது 8 பிக்ஸல் அகலமும் 16 பிக்ஸல் உயரமும் கொண்ட பழைய விஜிஏ எழுத்து. 13.3 அங்குலத்தில் 2560×1600 பிக்ஸல் உள்ள பேனலில் அந்த 16 பிக்ஸல் 2 மில்லிமீட்டர்கூட வராது. 4கே திரையில் ஒரு வரிக்கு 480 எழுத்து. பிழை எண்ணைத் தெரிந்துகொள்ள போனில் படம் எடுத்து, விரலால் இழுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டதும், எழுத்தை வளைகோடுகளாக வைத்து எந்த அளவுக்கும் மாற்றக்கூடிய ட்ரூடைப் எழுத்துருவைப் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். 8×16 எழுத்துகள் 256-ம் சேர்ந்து 4 கேபி. அதையே 16×32 ஆக வைத்தால் 16 கேபி. லினக்ஸ் கெர்னலும் அடர்த்தியான திரைகளுக்காக டெர்மினஸ் என்ற எழுத்துருவின் 16×32 பிட்மேப் (புள்ளிகளாக வரைந்த எழுத்து) ஒன்றை வைத்திருக்கிறது. உங்கள் சாதனத்துக்கு ஒரே திரைதான் என்றால் வேலை இதோடு முடிந்தது. ஒரே இமேஜ் (ஃபிளாஷில் ஏற்றும் பூட்லோடர் தொகுப்பு) 7 அங்குல பேனலிலும் ஓட வேண்டும், 4கே மானிட்டரிலும் ஓட வேண்டும் என்றால்தான் அளவு மாற்றக்கூடிய எழுத்துரு பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த வேலையை ஏற்கெனவே ஒழுங்காகச் செய்து வைத்திருப்பது, எம்பெடட் போர்டுகளில் பரவலாக உள்ள யூ-பூட் என்ற பூட்லோடர். 2016-லேயே ட்ரூடைப் கன்சோல் (பூட் செய்திகள் ஓடும் எழுத்துத் திரை) அதில் சேர்ந்துவிட்டது. எழுத்தின் வளைகோடுகளைப் படித்து, ஒவ்வொரு பிக்ஸலும் எவ்வளவு மூடப்படுகிறது என்று 0 முதல் 255 வரை ஒரு மதிப்பாகத் தருவது எஸ்டிபி ட்ரூடைப் என்ற ஒற்றை ஹெடர் ஃபைல். சி நூலகம் எதுவும் இல்லாத இடம் என்பதால் ஸ்கொயர் ரூட், ஃப்ளோர் போன்ற கணக்குகளைக்கூட யூ-பூட் தானே எழுதி வைத்திருக்கிறது. இதை இயக்கினால் கன்சோல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெதுவாகும் என்று அதன் கான்ஃபிக் உதவிக் குறிப்பே சொல்கிறது.

யாரும் எதிர்பார்க்காத தொல்லை பேக்ஸ்பேஸில் வரும். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்றால் 8 பிக்ஸல் பின்னால் போய் அழித்தால் போதும். இங்கே 'எம்' ஒரு அகலம், 'ஐ' வேறு அகலம், நடுவில் கெர்னிங் (எழுத்து ஜோடிக்கு ஏற்ப இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது) வேறு. அதனால் ஒவ்வொரு எழுத்தும் எந்த இடத்தில் தொடங்கியது என்பதை யூ-பூட் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டே போகிறது. சொந்தமாக பூட்லோடர் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு, கட்டளை வரியைத் திருத்தும்போதுதான் கவனிக்கிறார்கள்.

இதெல்லாம் பொறியியல் தொல்லை, தீர்த்துவிடலாம். நான் உண்மையில் எச்சரிக்க வந்தது வேறு. எஸ்டிபி ட்ரூடைப்பின் மூல ஃபைலைத் திறந்தால் மேலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது: பாதுகாப்பு உத்தரவாதம் இல்லை, நம்பகமில்லாத ஃபாண்ட் ஃபைல்களில் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஃபைலுக்குள் இருக்கும் ஆஃப்செட்கள் (எந்தத் தகவல் எங்கே என்று காட்டும் எண்கள்) எல்லைக்குள் இருக்கின்றனவா என்று அது சரிபார்ப்பதே இல்லை. எழுதியவரே இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும், "எஸ்டி கார்டில் ஒரு ஃபாண்ட் ஃபைலைப் போட்டால் அதை எடுத்துக்கொள்ளும்" என்று ஒரு வசதியைச் சேர்க்க யாராவது ஆசைப்பட்டுவிடுகிறார்கள். கஸ்டமருக்கு டெமோ காட்ட நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம்.

ஃபாண்ட் வெறும் படம் என்ற நினைப்புதான் இங்கே ஆபத்து. 2011-ல் பிடிபட்ட டூக்கு என்ற தீம்பொருள், வேர்டு ஆவணத்துக்குள் ஒளித்து வைத்த ட்ரூடைப் ஃபாண்ட் வழியாக விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே போனது. பூட்லோடருக்கு நெருக்கமான உதாரணம் 2022 நவம்பரில் வெளியான, லினக்ஸ் கணினிகளில் பரவலான கிரப் பூட்லோடரின் ஓட்டை, சிவிஇ-2022-2601. கிரப் ட்ரூடைப்பை நேராகப் படிப்பதில்லை. கிரப்-எம்கேஃபாண்ட் என்ற கருவி முன்கூட்டியே அதை பிஎஃப்2 என்ற பிட்மேப் வடிவமாக மாற்றிவிடும். அப்படியிருந்தும், வேண்டுமென்றே கெடுத்த பிஎஃப்2 ஃபைல் ஒன்று எழுத்தின் அளவுக் கணக்கை ஓவர்ஃப்ளோ ஆக்கி, தேவையைவிடச் சின்ன பஃபரை (நினைவக இடத்தை) ஒதுக்க வைத்து, அதற்கு வெளியே ஹீப் நினைவகத்தில் எழுத முடிந்தது. விளைவு, கையெழுத்திட்ட நிரலை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பான செக்யூர் பூட்டைத் தாண்டிப் போக ஒரு வழி.

அதாவது பிட்மேப்பா, வளைகோடா என்பதில் விஷயம் இல்லை. செக்யூர் பூட் சரிபார்ப்பது கையெழுத்திட்ட இமேஜை மட்டும்தான். பக்கத்தில் ஃபேட் பார்ட்டிஷனில் கிடக்கும் ஃபாண்ட் ஃபைலை அது திரும்பிக்கூடப் பார்க்காது. ரூட் அனுமதி உள்ள யாரும் அதை மாற்றலாம். கிரப் தரப்பின் தீர்வும் இதையொட்டியே அமைந்தது: செக்யூர் பூட் இயங்கும்போது வெளியிலிருந்து ஃபாண்ட் ஏற்றுவதையே தடுத்துவிட்டார்கள். அப்போது பலருடைய அழகான மெனு தீம்கள் கெட்டுப்போய்ப் புலம்பல் கிளம்பியது. என்னைக் கேட்டால், அந்த விலை குறைவு. 2023 டிசம்பரில் லோகோஃபெயில் என்ற ஓட்டைகள் வெளிவந்தபோது இதே கதை பூட் லோகோ படங்களில் நடந்தது.

யூ-பூட் ஆரம்பத்திலிருந்தே சரியான பக்கம் இருக்கிறது. ஃபாண்ட்கள் கம்பைல் செய்யும்போதே இமேஜுக்குள் இணைந்துவிடுகின்றன. அதன் 'ஃபாண்ட்' கட்டளை உள்ளே இருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான் விடும். நீங்கள் பேட்ச் போடும்போது இந்த வேலியைப் பிரிக்காதீர்கள். ஃபாண்ட் பாதையைச் சூழல் மாறியில் (பூட்லோடர் தன் அமைப்புகளைச் சேமிக்கும், பிறகு மாற்றக்கூடிய இடம்) வைப்பதும் வேலியைப் பிரிப்பதுதான்.

இமேஜுக்குள் வைத்தால் ஃபிளாஷில் இடம் போதாது என்பார்கள். முழு ஃபாண்டை யார் வைக்கச் சொன்னது? ஃபாண்ட்டூல்ஸ் என்ற எழுத்துரு நூலகத்தில் உள்ள சப்செட் கருவியால் அச்சாகும் ஆஸ்கி எழுத்துகள் 95-ஐ மட்டும் வெட்டி எடுங்கள். ஹிண்டிங் (சின்ன அளவில் எழுத்தைக் கூர்மையாக்கும் குறிப்புகள்) அட்டவணைகளையும் தூக்கிவிடுங்கள். எஸ்டிபி ட்ரூடைப் அவற்றைப் பயன்படுத்துவதே இல்லை, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம், நம் ஊர் கேள்வி ஒன்று உண்டு: "இதில் தமிழ் வருமா?" தமிழ் ஃபாண்டை உள்ளே வைத்தால் எழுத்துகள் வரும், ஆனால் தமிழாக வராது. 'கே' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும். யூனிகோடில் அது பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. இடம் மாற்றும் வேலை ஷேப்பிங் எஞ்சினுடையது, அது எஸ்டிபி ட்ரூடைப்பில் இல்லை. 'கு', 'கூ' போன்றவற்றுக்கும் ஃபாண்டின் மாற்று அட்டவணையைப் படித்தாக வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற ஷேப்பிங் எஞ்சினை பூட்லோடருக்குள் கொண்டுவருகிறேன் என்று சொல்பவரை நான் தடுத்துவிடுவேன், இன்னொரு பெரிய பார்சரை (ஃபைலைப் படித்துப் பிரிக்கும் நிரலை) உள்ளே விட மனம் வராது. "பேட்டரி குறைவு", "சர்வீஸ் மையத்தை அணுகவும்" போன்ற நிலையான வரிகள் சில இருந்தால் போதும் என்றால், அவற்றைப் பில்டு நேரத்திலேயே டெஸ்க்டாப்பில் ரெண்டர் செய்து, இரண்டு மூன்று அளவுகளில் பிட்மேப்பாக இமேஜுக்குள் வையுங்கள். திரையின் அகலத்தைப் பார்த்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்ய நாலு வரி கோடு போதும்.