மிதக்கத் தெரியாத ராக்கெட் தரையிறங்குவது எப்படி?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஃபால்கன் ராக்கெட்டோட அடிப்பாகம் திரும்பி வந்து நட்டுக்குத்தலா நிக்கிறதை வீடியோவுல பார்த்தேன். கடைசி வரைக்கும் விழுந்துகிட்டே வந்து, தரை நெருங்கின பிறகுதான் இன்ஜினைப் பத்தவைக்கிறாங்க. ஒரு நூறடி மேலயே நின்னு, நிதானமா இறங்கினா என்ன? எரிபொருளை மிச்சம் பிடிக்கவா?"

மிச்சம் பிடிப்பது பாதிக் காரணம்தான். அந்த ராக்கெட்டால் அந்தரத்தில் நிற்கவே முடியாது என்பது மீதிப் பாதி.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் செய்யும் ஃபால்கன்-9 ராக்கெட்டின் மொத்த உயரம் 70 மீட்டர். அதன் கீழடுக்குதான் பூஸ்டர். அதில் ஒன்பது மெர்லின் இன்ஜின்கள்; எரிபொருள் சுத்திகரித்த மண்ணெண்ணெய், கூடவே திரவ ஆக்சிஜன். கிளம்பி இரண்டரை நிமிடத்தில் மேலடுக்கு பிரிந்து செயற்கைக்கோளோடு தன் வழியே போய்விடும். பூஸ்டர் அப்போது மணிக்கு சுமார் 8,000 கி.மீ. வேகத்தில் இருக்கும். நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்ளும். கிளம்பிய கரைக்கே வரவேண்டுமென்றால் மூன்று இன்ஜின்களை எரித்துத் திசை மாற்றும். நடுக்கடலில் கப்பல் காத்திருந்தால் அதற்கு அவசியமில்லை. காற்று மண்டலத்துக்குள் நுழையும் முன் இன்னொரு முறை மூன்று இன்ஜின்கள் எரியும். அந்த எரிப்பு இல்லையென்றால் காற்று மோதும் வெப்பத்திலேயே பூஸ்டர் சிதைந்துவிடும். பாராசூட் போட்டு இறக்கலாமே என்று 2010-இல் முதல் இரண்டு ஃபால்கன்-9களில் பார்த்தார்கள். பாராசூட் விரியும் முன்பே பூஸ்டர் காற்றில் உடைந்தது. கீழே வரும்போது திசை திருப்புவது உச்சியில் விரியும் நான்கு கம்பிவலைத் துடுப்புகள். முதலில் அலுமினியத்தில் செய்தார்கள், வெப்பத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. 2017 முதல் டைட்டேனியம்.

இனி வருவது கடைசி அரை நிமிடம். முழுக் கட்டுரையையும் இதற்கே ஒதுக்கினாலும் தகும்.

ஒரு மெர்லின் இன்ஜினின் முழு உந்துவிசை தரைமட்டத்தில் 845 கிலோநியூட்டன். அதாவது 86 டன் எடையைத் தாங்கிப் பிடிக்கும். இறங்கி வரும் பூஸ்டரோ கிட்டத்தட்டக் காலித் தொட்டி. வெளியில் கணக்குப் போட்டவர்கள் மிச்ச எரிபொருளையும் சேர்த்து 27 டன்னை ஒட்டிச் சொல்கிறார்கள். ஒன்பதில் நடு இன்ஜினை மட்டும் பற்றவைத்தாலே தேவைக்கு மூன்று மடங்கு விசை கிடைத்துவிடுகிறது. விசையைக் குறைக்கலாம்தான். ஆனால் சுமார் 40 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது. இன்ஜினின் எரியறைக்குள் அழுத்தம் குறைந்தால் தெளிப்பானிலிருந்து எரிபொருள் சீராகப் பாயாது, எரிதல் தடுமாறும். சுடர் வெளியேறும் கூம்பின் விளிம்பில் வெளிக்காற்று உள்ளே புகுந்து, சுடர் சுவரை விட்டு விலகும். அந்த அதிர்வில் கூம்பே கிழியலாம். 86-இல் 40 சதவீதம் 34 டன். ராக்கெட்டின் எடை 27. எவ்வளவு அடக்கிப் பிடித்தாலும் அது மேலேதான் கிளம்பும்.

நிற்க முடியாத ஒன்றை எப்படி இறக்குவது? வளவு வீட்டின் முகப்பில் நின்றுகொண்டு உத்தரத்தை நோக்கி ஒரு பந்தை எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். சரியான வேகத்தில் எறிந்தால் பந்து மேலே போகப் போக வேகம் குறைந்து, உத்தரத்தைத் தொடும் அதே கணத்தில் வேகம் சுழியாகும். அடுத்த கணம் கீழே திரும்பிவிடும். அந்தக் கணத்தில் ஒருவர் எட்டிப் பிடித்தால் பந்து அங்கேயே நிற்கும். இதைத் தலைகீழாக்கினால் பூஸ்டர் இறங்கும் கதை. பந்தை ஈர்ப்புவிசை கீழே இழுக்கிறது. பூஸ்டரை இன்ஜின் மேலே தள்ளுகிறது. உத்தரத்தின் இடத்தில் கப்பல் தளம். எட்டிப் பிடிக்கும் கையின் இடத்தில் இன்ஜினை அணைக்கும் கட்டளை. வேகமும் உயரமும் ஒரே நேரத்தில் சுழியாக வேண்டும். உயரம் முதலில் தீர்ந்தால் மோதல். வேகம் முதலில் தீர்ந்தால் ராக்கெட் மறுபடி மேலே ஏறத் தொடங்கும். அணைத்தால் மிச்ச உயரத்திலிருந்து பொத்தென்று விழும். ராக்கெட் ரசிகர்கள் 'ஹோவர்ஸ்லாம்' என்று சொல்வது இதைத்தான்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். கணக்கு எளிதாக இருக்கக் காற்றின் தடையை விட்டுவிடுவோம். விழும் வேகம் நொடிக்கு 240 மீட்டர். இன்ஜின் 70 சதவீத விசையில் எரிகிறது. ஈர்ப்பைச் சமாளித்தது போக, வேகம் நொடிக்கு 12 மீட்டர் வீதம் குறையும். நிற்க 20 நொடி ஆகும். அதற்குள் 2,400 மீட்டர் இறங்கியிருக்கும். ஆக, 2,400 மீட்டர் உயரத்தில் பற்றவைக்க வேண்டும். ஒரே ஒரு நொடி தாமதமானால்? 2,160 மீட்டரில்தான் எரியத் தொடங்கும். அதே விசையில் எரிந்தால் தளத்தைத் தொடும்போது மணிக்கு 270 கி.மீ. வேகம் மிச்சமிருக்கும், பூஸ்டர் தூள்தூளாகும். ஒரு நொடி முந்தினால் தரைக்கு 240 மீட்டர் மேலேயே நின்று, திரும்ப ஏறத் தொடங்கும்.

ஒரு நொடிப் பிசகுக்கு இவ்வளவு தண்டனையா என்று தோன்றும். ஆனால் 70 சதவீதம் என்று நடுவில் வைத்ததன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒரு நொடி தாமதத்தை ஈடுகட்ட விசையை 6 சதவீதம் கூட்டினால் போதும். முந்திவிட்டால் 5 சதவீதம் குறைத்தால் போதும். மேலேயும் கீழேயும் முறுக்க இடம் விட்டுத்தான் திட்டமிடுகிறார்கள். உயரத்தை ரேடார் அளந்துகொண்டே இருக்கும். கணினி புதுப்புதுக் கணக்காகப் போட்டு விசையைத் திருத்திக்கொண்டே வரும். இருக்கிற எரிபொருளில், துடுப்புகளும் இன்ஜினும் திரும்பக்கூடிய கோணத்துக்குள், இலக்குக்குப் போகும் பாதையை நொடிக்குள் கண்டுபிடிப்பது கணிதத்தில் தனிக் கலை. குவிவு உகப்பாக்கம் என்று சொல்லும் அந்த முறையை ராக்கெட் இறக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் பொறியாளர் லார்ஸ் பிளாக்மோர் முக்கியமானவர். இயந்திரத்துக்குக் கொடுக்கும் புகழில் பாதியை நாம் இந்தக் கணிதத்துக்குக் கொடுப்பதில்லை என்பது என் மனக்குறை.

எரிபொருள் மிச்சம் என்ற பாதிக்கும் இதே எண்கள் பதில் சொல்லும். அடக்கி, 40 சதவீதத்தில் மெதுவாக இறக்கினால் சுமார் 90 நொடி எரியவேண்டும். அதில் பெரும்பங்கு ஈர்ப்போடு மல்லுக்கட்டுவதற்கே போய்விடும்; செலவு இரண்டரை மடங்குக்கும் மேல். எரிபொருள் மிகக் குறைவாக மிஞ்சும் பயணங்களில் எதிர்த்திசைக்கே போகிறார்கள்: ஒரு இன்ஜினில் தொடங்கி, இடையில் மூன்றாக்கி, கடைசியில் மறுபடி ஒன்றுக்கு வருவார்கள். மிச்சம் அதிகம்; பிசகுக்கு இடம் குறைவு.

இவ்வளவும் இன்ஜின் சொன்ன நேரத்தில் பற்றினால்தான். மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் தாமாகப் பற்றாது. டிரைஎத்தில் அலுமினியமும் டிரைஎத்தில் போரானும் கலந்த திரவத்தைச் செலுத்துவார்கள். ஆக்சிஜனைத் தொட்டதும் பற்றும். பற்றும் கணத்தில் காணொளியில் பச்சை மினுக்கு தெரியும். அது போரான் எரிவது. ஒன்பதில் மூன்று இன்ஜின்களுக்கு மட்டுமே வானத்தில் மறுபடி பற்றவைக்கும் ஏற்பாடு உண்டு. 2018 பிப்ரவரியில், மூன்று பூஸ்டர்களைச் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவியின் முதல் பயணத்தில் நடு பூஸ்டருக்கு இந்தத் திரவம் தீர்ந்துபோனது. மூன்றில் ஒரு இன்ஜின்தான் எரிந்தது. மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகத்தில் கப்பலுக்குப் பக்கத்துக் கடலில் மோதியது. கப்பலில் மோதாததும் தற்செயல் அல்ல. பூஸ்டர் முதலில் குறிவைப்பது கப்பலுக்குப் பக்கத்தில் உள்ள தண்ணீரை. இன்ஜின் ஒழுங்காகப் பற்றிய பிறகுதான் தளத்தை நோக்கி நகரும்.

மற்ற தோல்விகளும் நல்ல பாடங்கள். 2015 ஜனவரியில் துடுப்புகளை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் தீர்ந்து, பூஸ்டர் சாய்வாகத் தளத்தில் விழுந்தது. அதே ஏப்ரலில் விசையைக் கட்டுப்படுத்தும் வால்வு சிக்கிச் சிக்கி நகர்ந்தது. கணினி சரியான கட்டளைதான் கொடுத்தது. வால்வு தாமதமாகக் கேட்டது. தாமதத்தைத் திருத்தக் கணினி கூடுதலாக முறுக்க, அதற்கும் வால்வு தாமதிக்க, பூஸ்டர் ஆடி ஆடிக் கவிழ்ந்தது. 2016 ஜனவரியில் இறங்கியதெல்லாம் அருமை. நான்கு கால்களில் ஒன்றின் பூட்டு மாட்டாமல், நின்ற பிறகு சாய்ந்தது. அதே ஜூனில் தளத்துக்குச் சற்று மேலே ஆக்சிஜன் தீர்ந்தது. நடுவே, 2015 டிசம்பரில் கரையிலும் 2016 ஏப்ரலில் கப்பலிலும் முதல் வெற்றிகள். 2017 மார்ச்சில் பயன்படுத்திய பூஸ்டர் முதல்முறையாக மறுபடி பறந்தது. இன்று ஒரே பூஸ்டர் 30 தடவைக்கு மேல் போய் வந்திருக்கிறது. 2025 நவம்பரில் இன்னொரு அமெரிக்க நிறுவனமான ப்ளூ ஆரிஜினின் நியூ கிளென் பூஸ்டரும் கடலில் தளம் மீது இறங்கிவிட்டது.

நேரலை பார்ப்பவர்களுக்கு: திரையின் அடியில் பூஸ்டரின் வேகமும் உயரமும் ஓடும். கிளம்பி ஆறு நிமிடத்துக்குப் பிறகு நுழைவு எரிப்பு, எட்டு நிமிடம் கடந்ததும் தரையிறங்கு எரிப்பு. இரண்டு எண்களும் சேர்ந்து சுழிக்கு ஓடுகின்றனவா என்று பாருங்கள். சரியாக அந்த நேரத்தில் கப்பல் படம் உறைந்தால் பதற வேண்டாம். ராக்கெட்டின் அதிர்வில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு தடுமாறுவதுதான். இந்திய நேரம் தெரிய, ராக்கெட் கிளம்பும் புளோரிடாவின் நேரத்தோடு கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏவும் நேரத்தைத் தீர்மானிப்பது சுற்றுப்பாதையின் தளம், அதாவது அந்தப் பாதை அமையும் சமதளப் பரப்பு. பூமி சுழன்று ஏவுதளம் அந்தத் தளத்துக்கு அடியில் வரும் கணம். ராகு காலத்துக்கு அதில் இடமில்லை. செவ்வாய் வெறுவாய் என்று நல்ல காரியம் எதையும் தொடங்காத நம் ஊர்க்காரர்கள் கவனிக்க: மங்கள்யான் கிளம்பிய 2013 நவம்பர் 5 செவ்வாய்க்கிழமை. போய்ச் சேர்ந்ததும் செவ்வாய்க்குத்தான்.

நம் ராக்கெட்டுகள் எப்போது இப்படி வந்து இறங்கும்? எல்.வி.எம்-3 ராக்கெட்டின் இரு பக்கமும் உள்ள பெரிய பூஸ்டர்கள் திட எரிபொருள். பற்றவைத்தால் அணைக்க முடியாது, மறுபடி பற்றவைக்கவும் முடியாது, இறக்குவது எப்படி? எல்.வி.எம்-3இன் சக்திக்கு மிஞ்சிய 4,700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை 2024 நவம்பரில் ஃபால்கன்-9இல் வைத்து அனுப்பினோம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த அடுத்த தலைமுறை ஏவுகலத்தில்தான் முதலடுக்கைத் திரும்பக் கொண்டுவரும் திட்டம் இருக்கிறது. அதற்கான ஒத்திகைகள் நடக்கின்றன. 2025 ஜனவரியில் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் திரவ எரிபொருள் இன்ஜினான விகாஸை 60 நொடி எரித்து, அணைத்து, 120 நொடி கழித்து மறுபடி 7 நொடி எரித்தார்கள். செய்தித்தாளில் சின்னப் பெட்டிச் செய்தி. மேலே படித்தவர்களுக்கு அந்த 7 நொடியின் அருமை தெரியும்.

ஸ்பேஸ்எக்ஸ் தரையிறங்கிப் பழகியது வாடிக்கையாளர் பணம் கட்டி அனுப்பிய ராக்கெட்டுகளில். சரக்கை ஒப்படைத்த பிறகு எப்படியும் கடலில் போகவேண்டிய பூஸ்டர். உடைந்தால் யாருக்கு நட்டம்? உடைந்த காட்சிகளைத் தொகுத்து 2017-இல் அந்த நிறுவனமே வெளியிட்டது. இங்கே ஒரு பூஸ்டர் தளத்தில் கவிழ்ந்தால் அன்றிரவே தொலைக்காட்சியில் 'வரிப்பணம் வீண்' விவாதம் நடக்கும். ஒதுக்கும் பணத்திலேயே உடைவதற்கென்று ஒரு பங்கை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும் என்பேன். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது எப்படி என்று காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துத்தான் 1948-இல் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, நம் 'செக்ரி'க்கு, அடிக்கல் நட்டார்கள். என்ன லாபம் வரும் என்ற கணக்கைப் பார்த்துக் கொடுத்த பணம் அல்ல அது.

கடைசியாக, அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: மொட்டை மாடியிலிருந்து ராக்கெட் தெரியுமா? ஸ்ரீஹரிகோட்டா காரைக்குடியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 435 கி.மீ. பூமியின் வளைவு மறைப்பதால் ராக்கெட் 15 கி.மீ. உயரம் ஏறிய பிறகே நம் தொடுவானத்துக்கு மேல் வரும், 60 கி.மீ. ஏறினாலும் அடிவானத்திலிருந்து 5, 6 பாகைதான். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் அவ்வளவு. இரவு ஏவுதலாக இருந்து, வடக்கிலிருந்து சற்றுக் கிழக்கே மரமோ கட்டடமோ மறைக்காமல் இருந்தால் பார்க்கலாம். வீட்டு மாடியை விட ஊரணிக் கரை நல்லது. குலசேகரன்பட்டினம் வேறு கதை. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய அந்தத் தளம் நமக்கு 200 கி.மீ. தூரம்தான். அங்கிருந்து கிளம்பும் ராக்கெட் 3 கி.மீ. ஏறியதுமே நம் தொடுவானத்தைத் தாண்டிவிடும், 60 கி.மீ. உயரத்தில், நீட்டிய கையின் முஷ்டி அளவுக்கும் மேலே, தெற்கிலிருந்து சற்று மேற்கே நிற்கும். அங்கிருந்து கிளம்பப்போகும், சிறிய செயற்கைக்கோள்களுக்கான எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்று பெரிய அடுக்குகளும் திட எரிபொருள், எதுவும் திரும்பி வராது. போவதைப் பார்க்கத் தெற்குப் பக்கம் திறந்த மாடி ஒன்று போதும்.