ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள்

போன வருடம் நல்லூர்த் திருவிழா நேரம். ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த 58 வயது அம்மா ஒருவர், மகளின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். "பயணக் களைப்புத்தான் டொக்டர், கெண்டைக்கால் பிடிச்சுப்போச்சு. மூண்டு நாளா எண்ணெய் பூசி உருவுறம், குறையேல்லை" என்றார். கட்டிலில் ஏறும்போதே நல்லெண்ணெய் வாசம் வந்தது.

அளவு நாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் இரண்டு கால்களையும் அளந்தேன். வலது 35 சென்ரிமீற்றர், இடது 39. இடது காலை விரலால் அழுத்தி எடுத்தேன். விழுந்த குழி அப்படியே நின்றது. தொட்டால் சூடு. "உருவுறதை இண்டையோட நிப்பாட்டுங்கோ அம்மா" என்பதைத்தான் முதலில் சொன்னேன்.

தசைக்குள் ஆழமாக ஓடும் நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாவதுதான் இந்த நோய். வார்ட்டில் இதை டீ.வீ.டீ. என்போம். புதிதாக உறைந்த கட்டி நாளச் சுவரில் இறுகப் பிடித்திருக்காது. உருவும்போது அதில் ஒரு துண்டு கழன்று தொடை, வயிறு, இதயத்தின் வலப்பக்கம் என்று மேலே போய் நுரையீரலின் இரத்தக் குழாயை அடைக்கலாம். எங்கள் வீடுகளில் அன்போடு செய்கிற வைத்தியமே ஆளுக்கு ஆபத்தாகிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காலில் இருந்து இரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசையின் அசைவு வேண்டும். அந்த அம்மா விமானங்களில் ஒரு முழுநாள் இருந்துவிட்டு, கட்டுநாயக்காவில் இறங்கியதும் வான் வண்டியில் ஏறி இன்னும் 8 மணித்தியாலம் காலை மடக்கியபடி யாழ்ப்பாணம் வந்தவர். அடிக்கடி எழும்ப வேண்டிவரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. விமானம்தான் என்றில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டவர், இடுப்பு எலும்பு சத்திரசிகிச்சை முடிந்தவர், புற்றுநோய் உள்ளவர், சில வகைக் கர்ப்பத்தடை மாத்திரை எடுப்பவர் எல்லாருக்கும் இது வரலாம். எனக்குக் கூடுதல் கவலை பிள்ளை பெற்ற தாய்மார் பற்றித்தான். கர்ப்ப காலத்திலும் பிள்ளை பிறந்து 6 கிழமை வரையிலும் இரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியது. அந்த நேரம் பார்த்து, துடக்கு என்று 31 நாள் அறையோடு இருத்தி, தண்ணீரையும் குறைத்துக் கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் நடக்கட்டும், தாராளமாகத் தண்ணீர் குடிக்கட்டும்.

இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் பெரும்பாலும் இதயம், சிறுநீரகம், ஈரல் பக்கம்தான் யோசிப்போம். ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் அன்றைக்கே வாருங்கள். கிருமித் தொற்றிலும் கால் இப்படிச் சிவந்து வீங்கும் என்பதால், பார்த்த பார்வையில் எங்களாலும் முடிவு சொல்ல முடியாது. டி-டைமர் என்றொரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. சந்தேகம் குறைவானவரிடம் அது சரியாக இருந்தால் உறைவு இல்லை என்று விட்டுவிடலாம். ஆனால் காய்ச்சல், கர்ப்பம், முதுமை எதிலும் அது கூடும். ஆகவே கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நோயைக் காட்டித் தருவது ஸ்கான்தான். ஸ்கான் கருவியால் தொடை நாளத்தை அழுத்தினால் நல்ல நாளம் வாய் மூடுவதுபோல் மூடிக்கொள்ளும். அந்த அம்மாவுக்கு அது மூடவில்லை.

கால் நோ இல்லாமல் நேரே மூச்சில் தொடங்குகிறவர்களும் உண்டு. திடீர் மூச்சுமுட்டல், மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சில் குத்து, படபடப்பு, சளியில் இரத்தம், மயக்கம். இதை 'காஸ்' என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள், 1990 அம்புலன்ஸை அழையுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருந்தும் நுரையீரலில் அடைப்பு இருக்கலாம். சாயம் ஏற்றி எடுக்கும் சீ.ரி. ஸ்கானில்தான் தெளிவாகத் தெரியும். பிரஷர் விழுகிற அளவுக்குப் பெரிய அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாளத்தில் ஏற்றுவோம்.

மற்றவர்களுக்கு வயிற்றுத் தோலுக்குக் கீழே போடும் எனொக்சபரின் ஊசியும், பிறகு மாத்திரையும். இவை கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் வளரவிடாமல் தடுக்கின்றன. கரைப்பது உடம்பின் வேலை. குறைந்தது 3 மாதம் மருந்து வேண்டும். வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டு, மறுபடி அடைப்போடு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மாத்திரைகளில் பழையதான வார்ஃபரின் எடுத்தால், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலானோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். புதிய மாத்திரைகளுக்கு அந்தச் சோதனை தேவையில்லை, ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அவற்றைக் கொடுப்பதில்லை. நாரி நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபினக், ஊர்க் கசாயம் எதையும் கேட்காமல் எடுக்கவேண்டாம். இந்த மருந்துகளால் உள்ளே இரத்தம் கசியலாம் என்பதால், மலம் கறுத்துப் போனாலோ தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

"அப்ப முருங்கையிலை வறை சாப்பிடக்கூடாதோ?" என்று அந்த அம்மா கேட்டார். சாப்பிடலாம். கீரையில் உள்ள விற்றமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். அதனால் ஒரு கிழமை தினமும், அடுத்த கிழமை ஒன்றுமேயில்லை என்று மாற்றாமல், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் சரி. மாத்திரையின் அளவை அதற்கேற்ப நாங்கள் வைத்துக்கொள்வோம்.

அவர் பயணத்தைத் தள்ளிப்போட்டு இங்கேயே நின்றார். கார்த்திகை மழை தொடங்கினால் எங்களுக்கு டெங்குக் காலம். டெங்கில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும்போது இந்த மாத்திரையும் உடம்பில் இருந்தால் இரத்தக்கசிவு அடங்காது. அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: 'வார்ஃபரின் எடுக்கிறார். காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், அன்றைக்கே இரத்தப் பரிசோதனை.' மகள் அதைப் படம் பிடித்துக் குடும்பத்தில் எல்லாருடைய போனுக்கும் அனுப்பினார்.